கம்பி அறுந்தால் என்ன சொல்வது?

எங்கள் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. இத்தகைய ஆலைகளில் கொதிகலனின் அழுத்தத்தை உணர்கருவி அளந்து, கட்டுப்பாட்டு அறைக்கு மின்னோட்டமாக அனுப்புவது வழக்கம். மிகக் குறைந்த அளவுக்கு 4 மில்லி ஆம்பியர். மிக உயர்ந்த அளவுக்கு 20. ஏன் 0 இலிருந்து தொடங்கவில்லை? கம்பி அறுந்தால்தான் மின்னோட்டம் 0 ஆகும். ‘அழுத்தம் இல்லை’ என்பதும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதும் வெவ்வேறு செய்திகள் அல்லவா? எவ்வளவு எளிய ஏற்பாடு பாருங்கள்!

கணிப்பொறிக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. அச்சுப்பொறி, விசைப்பலகை போன்ற ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கு இயக்க அமைப்பில் ‘டிரைவர்’ என்னும் நிரல் இருக்கிறது. லினக்ஸ் இயக்க அமைப்பில் ஒரு கருவியிலிருந்து படிக்கச் சொன்னால், எத்தனை பைட் படித்தது என்பதை டிரைவர் எண்ணாகத் தரும். 0 என்றால் படிக்க இனி ஒன்றுமில்லை. கருவியே பழுதென்றால் -5 போன்ற குறை எண் வரும். குழப்பத்துக்கு இடமில்லை, ஆனால் கேட்டவர் அந்த எண்ணைப் பார்க்க வேண்டுமே!

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதன் திசையறி கருவியில் ஓர் எண் 16 பிட் இடத்தில் அடங்காமல் போகவே, கருவி பழுதறிக்கையை அனுப்பிவிட்டு நின்றது. மையக் கணிப்பொறியோ அதைப் பறப்பின் அளவீடு என்றே எடுத்துக்கொண்டு பீற்றுக்குழல்களைத் திருப்பியது. ஏறத்தாழ 40 நொடியில் ராக்கெட் சிதறியது. மாற்றுக் கருவி இல்லையா? இருந்தது. அதிலும் அதே நிரல்தான். அதே காரணத்தால் அது முன்னரே நின்றுவிட்டது.

2001 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸின் கருப்பகுதியை ஆராய்ந்தனர். மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை கூடுதல் எனக் கண்டனர். இதில் எனக்கு வியப்பில்லை. டிரைவர் தொடங்கும்போது நினைவகத்தில் இடம் பெறும். பிறகு வேறு சிலவற்றைப் பெறும். மூன்றாம் படி தவறினால், முன்பு பெற்றவற்றைப் பின்னிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் தர வேண்டும். கருவி ஒழுங்காக இருக்கும்வரை அந்த வரிகள் ஒருமுறைகூட ஓடுவதில்லை. ஓடாத வரியை யார் சோதிப்பார்?

நம் செய்முறைத் தேர்விலும் விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண். இது போதாது என்பேன். தேர்வாளர் கருவியின் கம்பியைக் கழற்றிவிட்டு, நிரல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பாதி மதிப்பெண் அதற்கே! நிரல் இரு மடங்கு நீளுமே என்பார்கள். நீளட்டுமே!

உங்கள் பள்ளியில் மின்கலத்தில் இயங்கும் வெப்பநிலை உணர்கருவி இருந்தால், ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அதன் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். திரையில் 0 டிகிரி என்று வருகிறதா?