கார் மினுக்கும் பாட்: எது நின்று உழைக்கும்?



சென்ற இதழில், பழைய கார் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஸ்காபரோவிலிருந்து ஒரு அண்ணர் தொலைபேசி எடுத்தார். "தம்பி, காரின்ரை என்ஜின் நல்லாய்த்தான் இருக்கு. வெயிலுக்கை விட்டுப் பார்த்தால் பெயின்ற் முழுக்கச் சிலந்திவலை பின்னின மாதிரிக் கீறல். ஒரு மெசின் வாங்கி நானே மினுக்குவம் எண்டு பார்க்கிறன். எந்தப் பாட் வாங்கினால் கனகாலம் உழைக்கும்?" என்று கேட்டார். கார் துப்புரவு செய்யும் கராஜ்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சில தம்பிமாரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எனவே இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். கிழமை நாட்களில் குஷன்களுக்கு ஸ்பொஞ்ச் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறில் கராஜ் ஒன்றில் கார் மினுக்கும் வேலை. ஆகவே இந்த ஸ்பொஞ்ச் எதனால் உழைக்கிறது, எதனால் கெட்டுப்போகிறது என்பதை இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்து வருகிறேன்.

முதலில் பெயின்றைப் பற்றி

ஊரில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு, பொச்சால் தேய்த்து மினுக்கியவர்கள் நாங்கள். பித்தளை உள்ளும் புறமும் பித்தளைதான். அதை அம்மம்மாவும் தேய்க்கலாம், பேத்தியும் தேய்க்கலாம். கார் அப்படியல்ல. இக்காலக் கார்களில் நிறப் பூச்சுக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. அதைக் கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அது 40 முதல் 50 மைக்ரோன் தடிப்பு மட்டுமே. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிட இந்தப் பூச்சு மெல்லியது என்று சொன்னால் சுலபமாக விளங்கும்.

சினோவை விளக்குமாற்றால் தள்ளுவது, உப்பும் மண்ணும் படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைப்பது, பிறஷ் சுற்றும் கார் வாஷுக்குள் விடுவது ஆகியவற்றால் வரும் கீறல்கள் இந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. மினுக்குவது என்றால் கீறலை மூடுவது அல்ல. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைச் சில மைக்ரோன் அளவுக்குச் சீவிச் சமப்படுத்துவதே அது. சீவியது திரும்பி வராது. அளவு மீறிச் சீவினால் நிறமும் போய், அந்தப் பகுதிக்குப் புதிதாகப் பெயின்ற் அடிக்க வேண்டி வரும். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல்களை மெசினால் முற்றாக எடுக்க நினைக்க வேண்டாம். மற் பெயின்ற் எனப்படும், மினுக்கமில்லாத பூச்சுள்ள கார்களுக்கு மெசினே வைக்கக் கூடாது.

ஆகவே நல்ல பாட் என்பது கையிலுள்ள காசை மாத்திரமல்ல, காரின் தோலையும் காப்பாற்றுவது.

மூன்று வகை

மெசினின் தட்டில் ஒட்டிப் பூட்டும் வட்டமான மெத்தையைத்தான் பாட் என்கிறோம். கம்பளி, மைக்ரோஃபைபர், ஸ்பொஞ்ச் என மூன்று வகை உண்டு. கம்பளி வேகமாகச் சீவும், சூடும் குறைவு. ஆனால் மங்கலான தடம் விட்டுப் போகும். அதைப் பிறகு ஸ்பொஞ்சால் எடுக்க வேண்டும். மைக்ரோஃபைபரும் நன்றாகச் சீவும். ஆனால் அதன் நூல்கள் மருந்தில் ஊறிப் படுத்துவிட்டால் வேலை ஓடாது. அடிக்கடி பிறஷ் போட்டு நிமிர்த்த வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு ஸ்பொஞ்சுதான் நல்லது. மெசினிலும், ஒரே அச்சில் சுழலும் ரோட்டரியை விட்டுவிட்டு, சுழன்றுகொண்டே ஆடும் டி.ஏ. மெசினை எடுங்கள். ரோட்டரி ஓரிடத்தில் நின்றால் அந்த இடம் கணத்தில் சூடேறிப் பூச்சு எரிந்துவிடும். டி.ஏ. மெசினில் அந்த ஆபத்துக் குறைவு.

பாட் எங்கே கெட்டுப்போகிறது?

பலர் ஸ்பொஞ்சின் முகத்தைத்தான் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் பாட் முதலில் கெட்டுப்போவது முகத்தில் அல்ல, முதுகில்.

பாட்களில் இருப்பது பொலியூரிதேன் ஸ்பொஞ்ச். வீட்டுச் சுவருக்குள் குளிர் வராமல் அடைப்பதும் இந்த இனந்தான். அதாவது வெப்பத்தை வெளியே விடாது. மெசின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆடும்போது ஸ்பொஞ்ச் நசுங்கி நசுங்கி விரிகிறது. அந்த உராய்வின் சூடு நடுப்பகுதியில் தங்குகிறது. ஸ்பொஞ்சையும் பின்னாலுள்ள வெல்குரோத் துணியையும் பிடித்திருப்பது பசை. சூட்டில் பசை இளகும். முகம் புதிதாக இருக்கும்போதே முதுகு கழன்றுவிடும். மலிவுப் பாட் ஒரு காரிலேயே இரண்டாகப் பிரிவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. மெசின் தட்டிலுள்ள பிளாஸ்ரிக் கொளுக்கிகளும் சூட்டில் உருகித் தேயும். தேய்ந்தால் பாட் வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடாகும். புதுப் பாட் போட்டும் அடிக்கடி கழன்றால் பிழை தட்டில் இருக்கலாம். தட்டை மாற்றுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஒன்று, ஸ்பொஞ்சை உள்ளங்கையில் நசுக்கிவிட்டு விடுங்கள். உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும். சோம்பலாக எழும்பும் ஸ்பொஞ்ச் சூட்டில் இன்னும் தளர்ந்துபோகும். ஓட்டைகள் ஒரே அளவாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எங்கள் தொழிற்சாலையில் நல்ல ஸ்பொஞ்சையும் கழிவு ஸ்பொஞ்சையும் நாங்கள் பிரிப்பதும் இப்படித்தான்.

இரண்டு, பின்பக்கத் துணியின் ஓரத்தை விரலால் மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். பசை ஓரம் வரை பிடித்திருக்க வேண்டும். இடையிடையே பொத்தினாற்போல் காற்றுக் குமிழ் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

மூன்று, நடுவில் துளையுள்ள பாட் நல்லது. சூடு தங்கும் நடுப்பகுதியில் ஸ்பொஞ்ச் குறைகிறது, காற்றும் போய்வரும். பாட் தட்டின் நடுவில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் அந்தத் துளை உதவும்.

நான்கு, தடிப்பு. தடித்த பாட் கூடக் காலம் உழைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் டி.ஏ. மெசினில் தடித்த பாட் மெசினின் அசைவைத் தானே விழுங்கிவிடும். சுழற்சி குறையும், சூடு கூடும். ஒரு அங்குலத்துக்கு உட்பட்ட மெல்லிய பாட் நல்லது.

ஐந்து, அளவு. பாட் தட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். 5 அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அல்லது 6 அங்குலப் பாட் பொருந்தும். தட்டு மிகச் சிறிதானால் அழுத்தம் முழுவதும் நடுவில் விழுந்து அங்கேயே ஸ்பொஞ்ச் கருகும். தட்டும் பாட்டும் சம அளவானால் தட்டின் விளிம்பு காரில் அடித்துவிடும்.

நிறத்தை நம்ப வேண்டாம்

"மஞ்சள் எண்டால் கடினம், கறுப்பு எண்டால் மென்மை" என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான நிற விதி கிடையாது. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி கம்பனியின் வழமையான ஸ்பொஞ்ச் பாட்களில் மஞ்சள் கடுமையாகச் சீவுவது. இத்தாலியின் ரூபஸ் கம்பனியிலோ நீலந்தான் கடுமை, மஞ்சள் மென்மையான வகை. ஒரு கம்பனியின் பழக்கத்தில் மற்றதன் மஞ்சளை எடுத்துக் காரில் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஆங்கிலம் கடினமென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கேளுங்கள், வெட்கமில்லை.

எந்தக் காரிலும் முதலில் ஒரு சிறிய இடத்தில் மென்மையான பாட் போட்டுப் பாருங்கள். கீறல் போகாவிட்டால் மாத்திரம் அடுத்த கடினத்துக்குப் போகலாம்.

விலைக் கணக்கு

பாட் விலையைப் பார்க்க வேண்டாம், ஒரு காருக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு, 5 டொலர் பாட் 2 கார்களோடு பிரிந்துபோனால் ஒரு காருக்கு இரண்டரை டொலர். 15 டொலர் பாட் 15 கார்களுக்கு வந்தால் ஒரு காருக்கு 1 டொலர்தான். சீட்டுப் போடும் சனத்துக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் விலை கூடிய பாட் ஒன்றை மாத்திரம் வாங்கிக்கொண்டு முழுக் காரையும் மினுக்க முயன்றால் அதுவும் கெதியில் போய்விடும். சிறிய காருக்கே சீவும் பாட் 3 அல்லது 4, கடைசி மினுக்கலுக்கு 2 வேண்டும். ஒரு கதவு, ஒரு மட்காட் முடிந்ததும் கழற்றி ஆறவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பாடசாலைச் சப்பாத்து இரண்டு சோடி இருந்தால் மாறி மாறிப் போட்டுக் கனகாலம் பாவிப்பதுபோலத்தான்.

பாவிக்கும் முறை

காரை நன்றாகக் கழுவி மண் போக்கிய பின்னரே மெசின் வையுங்கள். ஒரு மணல் துகள் அகப்பட்டால் பாட்டும் போகும், பூச்சும் போகும். கூரிய விளிம்புகளுக்கும் றப்பர்களுக்கும் ரேப் ஒட்டுங்கள். ஸ்பொஞ்ச் கிழிவதும் பூச்சு எரிவதும் பெரும்பாலும் அந்த விளிம்புகளில்தான். வெயிலில், சூடான தகட்டில் வேலை செய்ய வேண்டாம். மருந்தைக் கொஞ்சமாகப் போடுங்கள். மெசினைச் சரிக்காமல், அதிகம் அமத்தாமல், மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மெசினை நிற்பாட்டி, மென்மையான நைலோன் பிறஷால் முகத்தைத் துடையுங்கள். கம்பளிக்குப் பாவிக்கும் பல்லுச் சக்கரத்தை ஸ்பொஞ்சில் ஒருபோதும் வைக்க வேண்டாம், கிழித்துவிடும். கண்ணாடியும் முகமூடியும் போடுங்கள்.

வேலை முடிந்ததும் மருந்து காயுமுன் கழுவ வேண்டும். காய்ந்தால் கல்லாகிவிடும். இளஞ்சூட்டு நீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அமத்தி அமத்தி எடுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கினால் முதுகுப் பசை விடும். உலர்த்தும் மெசினுக்குள் போட வேண்டாம். ஸ்பொஞ்ச் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் வையுங்கள். அப்போது தண்ணீர் பசையை விட்டுக் கீழே வடியும். முற்றாகக் காய்ந்த பின்னரே மெசினில் பூட்டலாம்.

முதுகு கழன்ற பாட் ஒன்றைக் கடைப் பசையால் ஒட்டி மீண்டும் மெசினில் போடாதீர்கள். அந்த வேகத்தில் பறந்துவந்து முகத்தில் அடிக்கலாம். கையால் மெழுகு பூச அது உதவும், எறிய வேண்டியதில்லை.

கராஜில் வேலை செய்வோருக்கு

கடைசியாக ஒரு முக்கிய விடயம். சில கராஜ்களில் பிய்ந்துபோன பாட்களைக் கொடுத்து, ஒரு மணித்தியாலத்தில் கார் முடிய வேண்டும் என்று விரட்டுகிறார்கள். பூச்சு எரிந்தால் "உன்ரை சம்பளத்தில் வெட்டுவன்" என்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் பயத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் வேலை நியமங்கள் சட்டப்படி, வேலை பிழைத்துப்போனது என்பதற்காக முதலாளி தொழிலாளியின் சம்பளத்தில் காசு வெட்ட முடியாது. அதற்குச் சம்மதம் என்று நீங்கள் முன்பே கையெழுத்து வைத்திருந்தாலும் வெட்ட முடியாது. வெட்டினால் மாகாணத் தொழில் அமைச்சிடம் 2 வருடங்களுக்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை. இச்சட்டம் தொழிலாளிக்கு உரியது. சொந்தமாக ஒப்பந்தம் எடுத்துச் செய்பவருக்கு இது பொருந்தாது. ஆகவே வேலைக்குச் சேரும்போதே எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். வேலை செய்த நாள், நேரம், தந்த காசு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நல்ல பாட் கேட்பது ஆடம்பரம் அல்ல. கத்தி மொட்டையானால் தச்சன் தீட்டக் கல் கேட்பதில்லையா? பிய்ந்த பாட்டைக் கையில் எடுத்துக் காட்டி, "இதாலை செய்தால் கார் பழுதாகும்" என்று வேலை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, பிய்ந்த பாட் மிச்சத்தைச் சொல்லும்.

அடுத்த இதழில், வின்ரர் உப்பிலிருந்து காரின் அடித்தகட்டைக் காப்பது பற்றிப் பார்ப்போம். கேள்விகள் இருந்தால் வழமைபோல் ஆசிரியரின் முகவரிக்கு எழுதுங்கள். அதுவரை வணக்கம்.