அணுவின் மேலுள்ள குறி

குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று கேள்வியுற்ற பெற்றோர், மருத்துவச் சீட்டிலுள்ள எழுத்துகளைக் கண்டு கலங்குவதை நாம் அறிவோம். ‘பி’ எனில் பிழைக்கும், ‘டி’ எனில் பிழையாது என்று அயலார் சொல்லும் சொல்லே அவர்களை மிகவும் வாட்டுகிறது. அது முழு உண்மையன்று.

கமுதி வட்டாரத்தில் பலருடைய ஆடுகள் ஒரே கிடையில் கலந்து நிற்கும். காதுக் குறியைக் கண்டு, இஃது இன்னாருடையது எனக் கீதாரி பிரித்துவிடுவார். எலும்பு மஜ்ஜையில் பெருகும் நோயணுக்களும் அத்தகையனவே. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றினும், அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் வேறுபடும். குறித்த ஒரு புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை ஆக்கும் முறையை, 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்தனர். 1984-இல் நோபல் பரிசு பெற்றனர். அதன் துணையால் சி.டி.19 போன்ற குறிகள் பி வகையையும், சி.டி.3, சி.டி.7 போன்றவை டி வகையையும் காட்டுகின்றன.

டி வகை ஒருகாலத்தில் மிகக் கொடியதெனக் கருதப்பட்டது. டாக்டர் சாந்தா பணியாற்றிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வுகளில், மேலைநாடுகளைவிட இங்கு அவ்வகை மிகுதி எனத் தெரியவந்தது. 1980-களில் அந்நிலையமும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், டில்லி எய்ம்ஸும் எம்.சி.பி. 841 என்னும் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன; பிழைத்த குழந்தைகளின் தொகை உயர்ந்தது. வன்மையான மருந்து முறைகள் வந்தபின், இரு வகைகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு பெரிதும் குறைந்தது. குறி மாறவில்லை, மருத்துவமே மாறிற்று.

எனினும் குறி பொருளற்றதன்று. ஓராண்டு நிறையாத சிசுவிடம் சி.டி.10 இல்லையெனில் நோய் கடியதாயிருக்கும். வயது, வெள்ளணுக்களின் எண்ணிக்கை, மரபணு மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வர். எல்லாவற்றிலும் மேலானது, முதல் மாதச் சிகிச்சைக்குப்பின் எஞ்சும் நோயணுக்களின் அளவு. 10,000 அணுக்களில் ஒன்று ஒளிந்திருப்பினும், அதே குறிகளைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்.

பெற்றோர் கருத வேண்டுவது இதுவே. முதல் மாதத்தில் காய்ச்சல் தணியும். பிள்ளை விளையாடத் தொடங்கும். சிகிச்சையோ இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். கூலியிழந்து, கடன்பட்டு, மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து சலித்தவர்கள் அப்போது நிறுத்திவிடுவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத எஞ்சிய அணுக்கள் மீண்டும் பெருகும். நல்ல குறியும் அங்கே உதவாது. ஆதலின் அண்டை வீட்டார் ‘பி’யா ‘டி’யா என்று கேட்பதை விடுத்து, அடுத்த பயணத்திற்குப் பேருந்துச் செலவு இருக்கிறதா என்று கேட்பாராக.