டைல்ஸ் போடுற வரிசையில ஒயரிங் மாத்தாதீங்க

தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிட்டேன். அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பலாம். மத்தவங்களுக்கு, ஏன்னு சொல்றேன்.

சிஞ்ச்வட்ல பழைய வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. பிம்ப்ரி-சிஞ்ச்வட் 1970-ல நகராட்சி ஆச்சு, 1982-ல மாநகராட்சி. டெல்கோவும் பஜாஜும் ஊரையே இழுத்துக்கிட்டு வந்த அந்தக் காலத்துல கட்டின வீடுங்களுக்கு இப்ப நாற்பது வயசு தாண்டியாச்சு. கட்டும்போது ரெண்டு ஃபேன், நாலு பல்பு, ஒரு ரேடியோ. இன்னைக்கு அதே ஒயர்ல கீசர், ஏசி, மைக்ரோவேவ். 2000 வாட் கீசர் ஒண்ணே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். போதாக்குறைக்கு அந்தக் காலத்துல பல வீட்ல அலுமினிய ஒயர்தான். அதோட செம்பை முறுக்கி டேப் சுத்தினா அந்த ஜாயிண்ட் நாளடைவில் சூடாகி, கருகி... நாற்றம் வந்தப்புறம்தான் நமக்குத் தெரியும். (செம்பு ஒயருக்கு அலையவும் வேணாம். ஃபினோலெக்ஸ் கேபிள் கம்பெனியே பக்கத்துல பிம்ப்ரியில, மும்பை-புணே ரோட்டு மேலதான் இருக்கு.)

மொத்த ஒயரிங்கையும் ஒரே மூச்சுல மாத்துங்கன்னு சொல்றது சுலபம். வயசான மாமியார், பத்தாவது படிக்கிற பையன், மாசக் கடைசி. யாரால வீட்டைக் காலி பண்ண முடியும்? அதனால கட்டம் கட்டமா செய்யறதை நான் குறை சொல்லல. குறை வரிசையில இருக்கு. இந்த வருஷம் கிச்சன் டைல்ஸ், அதனால கிச்சன் ஒயரிங். அடுத்த வருஷம் பாத்ரூம். மெயின் போர்டும் எர்த்தும்? "அதுக்கென்ன, கடைசியா பாத்துக்கலாம்." கரண்டுக்கு நம்ம டைல்ஸ் கணக்கெல்லாம் தெரியாதுங்க. அது மீட்டர்ல இருந்து உள்ள வருது. வேலையும் அங்கிருந்துதான் தொடங்கணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல நடந்தது இது. கிச்சன் புதுசாச்சு, அதுக்குத் தனியா 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டாங்க. ஹால் லைட்டைப் போட்டா கிச்சன் கரண்ட் போகுது! ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பற கரண்டும் சமமா இருக்கான்னு பாக்கறதுதான் ஆர்.சி.சி.பி.யோட வேலை. கொஞ்சம் வித்தியாசம் வந்தாலும் கட் பண்ணிடும். பழைய வீடுகள்ல ஒயர் மிச்சம் பிடிக்க ஒரு அறையோட நியூட்ரலை இன்னொரு அறைக்குக் கடன் வாங்கியிருப்பாங்க. ஹால் லைட்டோட கரண்ட் கிச்சன் நியூட்ரல் வழியா திரும்பினா கணக்கு எப்படி உதைக்காம இருக்கும்? கடன் வாங்கின நியூட்ரலைத் தேடிப் பிரிக்கறதுதான் வைத்தியம். வந்த ஒயர்மேன் என்ன செஞ்சார் தெரியுமா? ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணிட்டுப் போயிட்டார். வீட்டுக்காரருக்குப் பரம சந்தோஷம், "இப்ப ட்ரிப்பே ஆகறதில்லை சார்!"

எர்த் கதை இதைவிட மோசம். பழைய சுவருக்குள்ள ரெண்டே ஒயர், எர்த் கிடையாது. புது மூணு-பின் சாக்கெட்டை மாட்டி, எர்த் பின்னை நியூட்ரலோட லூப் அடிச்சு விடறாங்க. டெஸ்டர்ல எல்லாம் சரியாத்தான் காட்டும். என்னைக்காவது அந்த நியூட்ரல் கழண்டா, ஃபிரிட்ஜுக்குள்ள போன கரண்ட் திரும்ப வழியில்லாம லூப் வழியா ஃபிரிட்ஜ் கதவுக்கே வந்து நிக்கும். எர்த்தே இல்லாத சாக்கெட் இதுக்கு எவ்வளவோ தேவலை.

என் வரிசை இது. முதல் வருஷம் பளபளன்னு எதுவும் வேணாம். எர்த்தும் மெயின் போர்டும் மட்டும். போர்டுல நாளைக்கு வரப்போற ஏசி, கீசர் எல்லாத்துக்கும் இடம் விட்டு, புது சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி., பழசுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி நியூட்ரல் பார். பழைய லைட் சர்க்யூட்டுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. போதும். அடிக்கடி ட்ரிப் ஆகுதேன்னு அதைக் கழட்டிட்டு 32 போடறது தற்கொலை. எம்.சி.பி. காப்பாத்த வேண்டியது சுவருக்குள்ள இருக்கிற ஒயரை. ஒயர் மெலிசா இருக்கும்போது எம்.சி.பி. மட்டும் பெருசா இருந்தா, ஒயர்தான் ஃப்யூஸ் வேலை பார்க்கும்.

அப்புறம் 500 வோல்ட் மெக்கர் வச்சு ஒவ்வொரு பழைய சர்க்யூட்டையும் பாக்கச் சொல்லுங்க. ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டறதை முதல்ல மாத்துங்க, அந்த ரூம்ல டைல்ஸ் நல்லா இருந்தாலும் சரி. அதுக்கடுத்து கீசர், ஏசி, கிச்சனுக்கு மீட்டர் பக்கத்துல இருந்தே தனி லைன். பெட்ரூம் லைட் கடைசியில வரட்டும். ஏசி சேர்க்கிறதுக்கு முன்னாடி மஹாவிதரண்ல (இங்க பாதிப் பேருக்கு அது இன்னமும் எம்.எஸ்.இ.பி.தான், 2005-லயே பிரிச்சாச்சு) லோடு கூட்டி வாங்கிடுங்க.

சுவரைக் கொத்தும்போது அடுத்த கட்டத்துக்கான பைப்பையும் சேர்த்துப் புதைச்சு, உள்ள ஒரு ஜி.ஐ. கம்பியை விட்டு வைங்க. பைப் விலை அற்பம், திரும்பக் கொத்தற கூலிதான் ஆளை முழுங்கும். பூச்சு வேலைக்கு முன்னாடி ஒவ்வொரு சுவர்லயும் இஞ்சி டேப்பைப் பிடிச்சு போட்டோ எடுத்துக்குங்க. மூணு வருஷம் கழிச்சு வர்ற ஒயர்மேன் நிச்சயம் வேற ஆளா இருப்பார்.