வேகம் குறையட்டும், ஓட்டம் நிற்க வேண்டாம்!

நாற்பது வயசுக்கு மேல் ஒரு பெண் ஓடினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும், தோழிகளே! பள்ளி நாளிலிருந்து ஓடிப் பழகினவர்களே, நாற்பத்தைந்தை நெருங்கும்போது, "முன்னே மாதிரி முடியலையே" என்று சலித்துக்கொண்டு ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

எங்கள் கோடைக்கானல் ஏரியை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். 1863-ல் லெவிஞ்ச் துரை அமைத்த ஏரி. இருபது வருஷமாக அதைச் சுற்றி ஓடுகிறேன். முன்பெல்லாம் அரை மணியில் முடித்துவிடுவேன். இப்போது நாற்பது நிமிஷம் ஆகிறது. "நடக்கிறவங்களே உன்னைத் தாண்டிடுவாங்க போலிருக்கும்மா" என்று என் பெண் கேலி செய்கிறாள்.

வயசு ஏற ஏற, இதயம் அதிகபட்சம் துடிக்கக்கூடிய வேகம் குறையும். தசை கரையும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பும் பலமிழக்கும். இங்கே 7,000 அடி உயரம் வேறே! மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால், கீழேயிருந்து வருகிறவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைத்ததே 1984-ல்தான். அதில் தங்கம் வாங்கிய அமெரிக்கப் பெண்மணி ஜோன் பெனாய்ட். அவர் 1979-ல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 35 நிமிஷத்தில் ஓடி ஜெயித்தவர். நாற்பது வருஷம் கழித்து, 2019-ல், 61 வயசில் அதே பாஸ்டனில் ஓடினார். பழைய நேரத்தைவிட நாற்பது நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கு. 3 மணி 4 நிமிஷத்தில் முடித்தார். தங்கம் வாங்கினவரே வயசுக்கு ஏற்றாற்போல் கணக்கை மாற்றிக்கொண்டார். நமக்கென்ன?

ஆனால் எல்லாக் களைப்பையும் வயசின் தலையில் போட்டுவிடாதீர்கள். நாற்பதுக்கு மேல் பலருக்கு உதிரப்போக்கு அதிகமாகும். அதனால் இரத்தசோகை வந்து மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மார்பில் வலியோ இறுக்கமோ வந்தால் உடனே நின்றுவிட வேண்டும்; டாக்டரிடம் போகத் தாமதிக்கக்கூடாது.

இனி சில யோசனைகள்:

* முதல் பத்து நிமிஷம் நடை, பிறகு ஓட்டம். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம்.

* வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடினால் போதும். மற்ற நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். தொடைக்குப் பலம், முழங்காலுக்குப் பாதுகாப்பு.

* இறக்கத்தில் வேகம் வேண்டாம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை.

* ஓடும்போது சிறுநீர் கசிகிறதா? கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். இடுப்படித் தசைக்குப் பயிற்சி இருக்கிறது. டாக்டரைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

* ஓடி வந்ததும் ஒரு விருப்பாச்சிப் பழமும் பாலும். நம் பழனி மலைப் பழமாயிற்றே! கேழ்வரகு, பருப்பு, கீரை தினம் சேரட்டும்.

கடிகாரத்தோடு போட்டி போட்ட நாளில் ஏரிமேல் பனிமூட்டம் விலகுவதை நின்று பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் நேரம் ஒதுக்குகிற நாம், நம் உடம்புக்கும் தினம் அரை மணி ஒதுக்கினால் என்ன? நாளைக் காலையே கிளம்புங்கள், மெதுவாகவே!