உளிக்கு ஓர் உலை

மாமல்லபுரத்தில் கருங்கல் சிற்பிக்குப் புது உளி கிடைப்பது பெரிய காரியமில்லை. கை பழகிய பழைய உளிக்கு மறுபடியும் முனை போட்டுத் தர ஆள் கிடைப்பதுதான் அரிது. கருங்கல்லைக் கொத்தக் கொத்த முனை மழுங்கும். அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்தெடுக்க வேண்டும். எஃகின் மேல் ஓடும் நிறத்தைப் பார்த்தே தோய்ச்சலின் பக்குவத்தைச் சொல்வார் கொல்லர். கூடிப்போனால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். கடையில் எந்த உதிரி பாகத்தை வாங்கினாலும் இந்தப் பக்குவம் அதோடு வராது.

டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த உளியும் அறுக்கும் இயந்திரமும் வந்து வேலையை விரைவாக்கியிருக்கின்றன, நல்லதுதான். ஆனால் கண், இதழ், விரல் நகம் என்று வரும்போது சிற்பியின் கை தேடுவது மெல்லிய பழைய உளியைத்தான்.

இவ்வூர்க் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் இங்கேயே இருக்கிறது. சிலைக்குக் கிடைத்த மரியாதை, அதைச் செதுக்கும் கருவியைச் செப்பனிடுபவருக்கும் கிடைக்க வேண்டும். சிற்பிகள் எளிதில் போய்வரும் இடத்தில் பொது உலை ஒன்றை அரசு அமைக்கட்டும்; கொல்லருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, இளைஞர்களை அவரிடம் தொழில் பழக அனுப்பட்டும்.