நீர்வழி மறந்த நிலப்படம்

மேலநீலிதநல்லூர் வானம் பார்த்த ஊர். சங்கரன்கோயில் வட்டத்துக் கரிசலும் வானவாரிப் புன்செய்யும் மழைக்கு ஏங்கிக் கிடப்பவை. இத்தகைய ஊருக்கு வெள்ளப்படம் எதற்கு என எவரும் வினவலாம். வறண்ட நிலத்திற்கே அது முதற்கண் வேண்டும் என்பதே விடை. ஆண்டு முழுதும் நீரோடும் ஆற்றில் எவனும் வீடு கட்டான். பத்தாண்டு காய்ந்து கிடக்கும் ஓடையோ வெற்றுநிலம்போல் தோன்றும். கல் நட்டு மனையாக்கி விற்பான் ஒருவன். வாழ்நாள் உழைப்பையெல்லாம் கொட்டி வாங்குவான் மற்றொருவன். பதினோராம் ஆண்டில் ஓடை தன் இடத்தைத் தேடி வரும்.

அவ்வாறுதான் 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருவைகுண்டத்தில் தொடர்வண்டி ஒன்றில் ஏறத்தாழ 800 பேர் சிக்கித் தவித்தனர். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி ஆகிய நான்கு மாவட்டங்களும் அல்லலுற்றன. மழையைத் தடுக்க மாந்தனால் இயலாது. எங்கே குடியிருப்பது என்பதை வரையறுக்க இயலும்.

தமிழன் அதனை அன்றே வரையறுத்தான். குளம், ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி எனப் பிரித்துப் பெயரிட்டான். கலிங்கு வழிந்து மறுகால் பாயும் தடத்தை ஒதுக்கினான். மேட்டிலே நத்தம் அமைத்தான். கோவில்பட்டியை அடுத்த இளையரசனேந்தல், சென்னையின் பழவந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்கள் இன்றும் நீர்நிலையை நினைவூட்டுகின்றன. பெயரின் பொருள் மறந்தது. பெயர் காட்டிய எச்சரிக்கையும் மறைந்தது. மாம்பலத்து ஏரி தூர்ந்து தியாகராயர் நகராயிற்று. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர். அவர்க்கு 1976-இல் நிறைவுற்ற கோட்டமே நுங்கம்பாக்கத்து ஏரிப் படுகையில்தான் எழுந்தது. தமிழ்ப்பற்று நீர்ப்பற்றாகவும் இருந்திருக்க வேண்டாவா? 2015-இல் சென்னை மூழ்கியதற்கு மழை மட்டுமா கரணியம்?

சப்பான் நாட்டில் வீடோ மனையோ விற்கும் தரகர், அவ்விடம் வெள்ளப்படத்தில் எங்கு உள்ளது என்பதை வாங்குவோர்க்கு முன்னரே விளக்கியாக வேண்டும். 2020 முதல் அது சட்டம். ஈராயிரம் ஆண்டு ஏரிப்பாசன மரபுடைய தமிழ்நாட்டில் இவ்விதி ஏன் வரலாகாது?

ஒவ்வோர் ஊராட்சிக்கும் வெள்ளப்படம் வரைதல் வேண்டும். குளம் நிரம்பினால் நீர் பரவும் எல்லை, மறுகால் ஓடும் தடம், 1992, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளம் எட்டிய இடம் ஆகியவற்றைச் செயற்கைக்கோளும் நில அளவையும் காட்டும். முதியோர் நினைவும் காட்டும். அவற்றை ஒருங்கிணைத்து, நீர் நிற்குமிடம், நீர் கடக்குமிடம், மேட்டுநிலம் என முத்திறமாகப் பிரித்திடுக. முதலிரண்டிலும் மனைக்கு ஒப்புதல் மறுத்திடுக. மேய்ச்சலும் தோப்பும் பயிரும் அங்கிருக்கட்டும். முன்னரே அங்குக் குடியேறிய ஏழையர்க்கு, அவர்தம் பிழைப்பிற்கு அண்மையிலேயே மேட்டுநிலம் தந்த பின்னரே அவர்களைப் பெயர்த்தல் அறம்.

அப்படம் தமிழில் இருத்தல் வேண்டும். ஓடைக்கு எண் மட்டும் போதாது. ஊரார் வழங்கும் பெயரும் பொறிக்கப்பெறல் வேண்டும். ஆங்கிலத்தில் வரைந்து அலுவலகப் பேழையுள் பூட்டிய படம் எந்த உழவனைக் காக்கும்? ஊராட்சிச் சுவரிலும் ஆவணப்பதிவு அலுவலகத்திலும் அது தொங்கட்டும்.

தமிழ் மக்களே! அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊர் ஓடையின் பெயரைக் கேட்டறியுங்கள். அதன் எல்லையை நடந்து பாருங்கள். படத்தை அரசிடம் உரிமையுடன் கேளுங்கள்!