கஞ்சா பழக்கத்துக்கு சிகிச்சை கேட்டால் கேஸ் ஆகுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் மகனுக்கு கஞ்சா பழக்கம். 'ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமோ?' என்பதுதான் பெற்றோரின் முதல் பயம்.

சிகிச்சை கேட்பது குற்றமே இல்லை. 1985-ம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டப்படி கஞ்சா பயன்படுத்தினால் 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' செய்திகளால் இது எல்லோருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவுதான் பேசப்படுவதில்லை. வழக்கே பதிவாகியிருந்தாலும், பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு (கஞ்சாவுக்கு 1 கிலோ வரை) தொடர்பான குற்றத்துக்கும் தண்டனை கிடையாது. பாதியில் நின்றுவிட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். ஸ்டேஷனில் தானாகக் கிடைத்துவிடாது, கோர்ட்டில் கேட்டு வாங்கணும்.

கஞ்சா, பாங்கு பழக்கத்தால் சுமார் 72 லட்சம் இந்தியர்களுக்கு உதவி தேவை என்கிறது மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வு.

'சட்டபூர்வமாக்கினா பிரச்னை தீருமே' என்பவர்கள் தாய்லாந்தைப் பார்க்கலாம். போதுமான விதிகள் இல்லாமல் 2022 ஜூனில் தடையை நீக்கியது. 2025 ஜூனில் டாக்டர் சீட்டு கட்டாயம் என்று திரும்பி வந்தது. 2018-ல் அனுமதித்த கனடாவோ, கஞ்சா கலந்த தின்பண்டத்துக்கு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம் டி.ஹெச்.சி. என்று வரம்பு வைத்தது.

பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு இப்போதைக்குத் தேவை ஒரு போன் நம்பர். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.